பங்கு இல்லாத கை

நாகர்கோவில்காரனுக்கு உத்திரமேரூர் வெளிநாடுதான். பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள், அவ்வளவே வித்தியாசம். பேசுவது தமிழ் என்று அவர்களும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன்; இரு தரப்புமே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் சொல்கிறோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓட்டல்காரர் "இன்னா சார், நாஷ்டாவா?" என்றார். நான் யோசித்துப் பதில் தயாரிப்பதற்குள் இலை விரிந்து, இட்லி விழுந்து, அதன் தலையில் வடகறியும் ஊற்றப்பட்டுவிட்டது. எங்கள் ஊரில் தேங்காய் அரைக்காத எதையும் குழம்பு என்று ஒப்புக்கொள்வதில்லை. கொள்கையை மாற்றிக்கொண்டு மூன்றாவது முறையும் வடகறி கேட்டு வாங்கினேன்.

வந்த காரியம் இது. ஓர் ஆண்டு மலருக்காக, 'இயற்கையைப் பார்த்துக் கடவுளைக் கண்டுபிடிக்க முடியுமா?' என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் வந்ததால் சரி என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்தது இரண்டே வாதம். குடத்தைப் பார்த்தால் குயவன் ஒருவன் உண்டு என்று தெரிகிறது, அதுபோல உலகத்தைப் பார்த்தால் அதைச் செய்தவன் ஒருவன் உண்டு என்பது ஒன்று. அப்படியானால் குயவனைச் செய்தது யார் என்பது மற்றொன்று. இரண்டையும் விரித்து எழுதினாலும் ஒரு பக்கம்தான் வரும். அவர்கள் கேட்டது ஆறு பக்கம்.

அப்போதுதான் சிவதாணு நினைவுக்கு வந்தான். கல்லூரியில் என்னோடு படித்தவன். நிலத்தடி நீர் பார்க்கும் புவியியல்காரன். அரசு வேலையை விட்டுவிட்டுக் காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு, விவசாயிகளுக்குப் போர் போட இடம் குறித்துக் கொடுக்கிறான். விஷயத்தைச் சொன்னேன். "வாடே, மானாம்பதியில ஒரு வேலை இருக்கு. பூமிக்குள்ள என்ன கெடக்குன்னு மெஷின் வச்சுக் காட்டுதேன். கடவுள் கெடந்தா அவரையும் பாத்துரலாம்" என்றான்.

முதல் நாள் அவன் வரத் தாமதமானதால் உத்திரமேரூர்க் கோயில் மண்டபத்தில் கழித்தேன். ஆயிரம் வருடத்துக்கு முன் ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த விதத்தை அங்கே சுவர் முழுக்க வெட்டி வைத்திருக்கிறார்கள். தகுதியான பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பதுதான் முறை. தகுதிகளைப் படித்துக்கொண்டே என்னையும் சோதித்துக்கொண்டேன். வரி கட்டும் நிலம் வேண்டுமாம். முதல் படியிலேயே விழுந்தேன். இவ்வளவு கறாராக வடிகட்டிவிட்டு, கடைசி முடிவை மட்டும் ஏன் குலுக்கலுக்கு விட்டார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அறிவு தீர்ந்த இடத்தில் கடவுள் பார்த்துக்கொள்வார் என்றா, அறிவாளிகள் அடித்துக்கொள்ளக் கூடாது என்றா? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை சிவதாணுவின் கார் மெக்கானிக் கையில் இருந்ததால் டவுன் பஸ்ஸில் போனோம். மெஷின் பெட்டி என் மடியில். நான்கு இரும்புக் கம்பிகளும் ஒயர் சுற்றிய உருளைகளும் சீட்டுக்கு அடியில். பக்கத்துச் சீட்டு அம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னா சார் பொட்டி அது? கொயந்த மாதிரி மடியில வெச்சிக்கினு கீற?"

பூமியில் கம்பி நட்டு மின்சாரம் விட்டு, அது எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்த்தால் அடியில் ஈரமா, பாறையா என்று ஊகிக்கலாம் என்று சிவதாணு விளக்கினான்.

"பூமிக்கு ஈசிஜி எடுக்கிறீங்கோன்னு சொல்லு" என்றார் அம்மாள். "எங்க மாமியாருக்கும் எடுத்தாங்கோ. எல்லாம் நல்லா கீதுன்னாங்கோ. மறுநாளு பூட்டாங்கோ."

சிவதாணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து எருமைகள் குறுக்கே வர, டிரைவர் பிரேக் போட்டார். ஓர் உருளை கிளம்பி, ஒயரைப் பிரித்துக்கொண்டே டிரைவர் சீட் வரை ஓடியது. பஸ் முழுக்க ஆளுக்கு ஒரு முழம் பிடித்து, கை மாற்றிக் கை மாற்றிச் சுற்றிக் கொடுத்தார்கள். கண்டக்டர் மட்டும், "இது லக்கேஜா, கரண்டு லைனா? டிக்கெட்டு எப்டிப் போடறது?" என்று கவலைப்பட்டார்.

மானாம்பதியில் எங்களை எதிர்பார்த்து நின்றவர் முனிரத்தினம். ஐம்பது வயதைத் தாண்டியவர். சிரிக்காமல் பேசுவார், அதனால் எது வேடிக்கை என்று தெரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆகும். பழைய போரில் தண்ணீர் நின்றுபோய்விட்டது. நவரைப் பட்டத்து நெல் கதிர் தள்ளும் நேரம். இன்னும் ஒரு வாரம் பயிரின் வயிறு காய்ந்தால் மிஞ்சுவது வைக்கோல்தான்.

"எத்தன போர் போடலாம்னு இருக்கீங்க?" என்று சிவதாணு கேட்டான்.

"ஒண்ணுதான் சார். ரெண்டாவது போட நான் வேற வூட்ல பொறந்திருக்கணும்."

கழனி இரண்டு துண்டு. ஏரிப் பக்கத்துத் துண்டு முனிரத்தினத்தின் அப்பா வழியில் வந்தது. வீட்டுப் பக்கத்துத் துண்டு அவர் மனைவி தேவகி தன் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. இரண்டுக்கும் நடுவில் வரப்பு, வரப்பை ஒட்டி வாய்க்கால்.

சிவதாணு உடனே வேலையை ஆரம்பிப்பான் என்று நினைத்தேன். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். ராகுகாலம் முடியட்டுமாம். முடிந்ததும் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"லேய், விஞ்ஞானி, என்னடே இது?"

"மெஷின் விஞ்ஞானம். அதத் தூக்கிட்டு அலையது நானாக்கும். சும்மா கெட."

மத்தியானம் வரை கம்பியைப் பிடுங்கி நட்டு, பிடுங்கி நட்டு, கடைசியில் இரண்டு கழனிக்கும் நடுவே வரப்போரமாக ஒரு குச்சி அடித்தான். அடியில் கருங்கல், ஆனால் அந்த இடத்தில் கல்லில் விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம் என்றான். வாய்ப்பு என்ற சொல்லை முனிரத்தினம் கொஞ்சமும் ரசிக்கவில்லை.

அப்போது டிவிஎஸ் வண்டியில் தேவகியின் தம்பி வேலு வந்து இறங்கினார். பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கேட்டவர்களுக்குத் தேங்காய் வைத்து நீரோட்டமும் பார்ப்பார். உரித்த தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு, வெடிகுண்டு சுமப்பவர் போல நடந்தார். எங்கள் ஊரில் இந்தத் தேங்காய் இந்நேரம் மூன்று குழம்புக்கு ஆகியிருக்கும். சிவதாணுவின் குச்சியை அவர் தாண்டியபோது தேங்காய் அசையவில்லை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனதும், படுத்திருந்தது எழுந்து நேராக நின்றது. நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

"கை நரம்பு தானா இழுக்கும், வேற ஒண்ணும் இல்ல" என்றான் சிவதாணு.

வேலுவுக்குக் கோபமே வரவில்லை. "இருக்கலாம் சார். உங்க பொட்டில முள்ளு ஆடுது, என் கையில தேங்கா ஆடுது. ரெண்டு பேருமே உள்ள பூந்து பாக்கல. நீங்க பேண்ட் போட்டுக்கினு கீறீங்க, அவ்ளோதான்."

ஆக, இரண்டு இடம், ஒரு போர். கணவர் மெஷின் கட்சி. மனைவியின் தம்பி தேங்காய்க் கட்சி. தேவகி இரண்டு பேருக்கும் ஒரே அளவு மோர் கொடுத்தார்.

மோர் குடிக்கும்போது என் கட்டுரை ஞாபகம் வந்து முனிரத்தினத்திடம் குடம்–குயவன் வாதத்தைச் சொன்னேன். "இந்த உலகத்தைப் பார்த்தால், செய்தவர் ஒருவர் இருப்பார் என்று தோன்றுகிறதா?"

"இருப்பாரு சார்" என்றார் தயங்காமல். கழனியை ஒரு பார்வை பார்த்தார். "செஞ்சவரு கீறாரு. வாரண்டி கார்டுதான் குடுக்கல."

"அப்படியானால் உங்கள் ஊர் எல்லையம்மன்?"

"அது வேற. அது ஊர்ல கீற ஆளு. பூ கட்டிக் கேட்டா சொல்லும். நான் மூணு வாட்டி கேட்டுக்கீறேன். ரெண்டு வாட்டி சரியா வந்துது. ஒரு வாட்டி மாடு வாங்கச் சொல்லி, அந்த மாடு ஒதைச்சி என் பல்லு போச்சி." பல்லைக் காட்டினார். ஆதாரம் இருந்தது.

தெய்வத்தை வணங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், திட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் போட்டு வைத்திருப்பவரை அன்றுதான் பார்த்தேன்.

"பூ கட்டியே பாத்துடலாம்" என்றார் தேவகி உள்ளேயிருந்து. முனிரத்தினம் மறுக்கவில்லை, வேலுவும் மறுக்கவில்லை. எனக்கு ஆச்சரியம், சிவதாணுவும் மறுக்கவில்லை. "அம்மன்ட்ட கேக்கதுல என்னடே தப்பு?" என்றான். ராகுகாலம் பார்க்கிறவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

வழக்கம் இதுதான். இரண்டு நிறத்துப் பூவை இரண்டு பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். ஒரு நிறம் ஒரு முடிவு. ஒரே ஒரு பொட்டலத்தை எடுப்பார்கள். ஆனால் எடுக்கிற கை, அந்தக் காரியத்தில் பங்கு இல்லாத கையாக இருக்க வேண்டும். நிலத்தில் பங்கு கூடாது, ஊரில் உறவு கூடாது. நாளைக்குத் தெருவில் எதிர்ப்பட்டுப் பழி சொல்ல வசதியாக இருக்கவும் கூடாது.

முனிரத்தினம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார் சாமி கும்புடுவீங்களா?"

"இல்லை" என்றேன், சற்றுப் பெருமையோடு.

"அப்ப நீங்கதான்."

வாழ்க்கையில் என் அவநம்பிக்கைக்குக் கிடைத்த முதல் பதவி அது.

மூன்றாம் நாள் காலை, நான் சும்மா நின்றாலும் நடுங்கும் குளிரில், எல்லையம்மன் கோயில் பூசாரி தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளச் சொன்னார். ஈர வேட்டியும் வெற்றுத் தொந்தியுமாக நின்ற என்னைப் பார்த்து, அம்மனே முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். கல்லாக இருப்பதில் அவளுக்கும் சில சங்கடங்கள் உண்டு.

நான் மல்லிகையை எதிர்பார்த்தேன். தேவகி கொண்டுவந்தது இரண்டுமே அரளி, ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. "மல்லி வெச்சா மூக்கு கண்டுபுடிச்சிடும் சார்" என்றார். சிவப்பு என்றால் மெஷின் குச்சி, வெள்ளை என்றால் தேங்காய் எழுந்து நின்ற இடம். பூசாரி ஒரே செய்தித்தாளைக் கிழித்து, இரண்டிலும் ஒரே எண்ணிக்கை பூ வைத்து, ஒரே அளவு நூல் சுற்றினார். உடனே அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். எதில் எது என்று அவருக்குத் தெரியும், முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது காரணம். உள்ளே வந்த வேறொருவர் பொட்டலங்களைச் சொம்பில் போட்டுக் குலுக்கிக் கொட்டினார். அவரும் வெளியேறினார்.

சிவதாணு என் காதில் முணுமுணுத்தான். "லே, புது மருந்தைச் சோதிக்கவங்க இப்படித்தான் செய்வாங்க. குடுக்கவனுக்கும் தெரியாது, வாங்கவனுக்கும் தெரியாது. என் மெஷினுக்கு நான் ஒரு நாளும் இவ்வளவு பாத்ததில்லை."

நினைத்துப் பார்த்தேன். விஞ்ஞானத்தின் பக்கம் ராகுகாலம் இருந்தது. தெய்வத்தின் பக்கம் சோதனை ஒழுங்கு இருந்தது. என் கட்டுரையில் இரண்டுக்கும் தனித்தனி அத்தியாயம் ஒதுக்கியிருந்தேன்.

இரண்டு பொட்டலங்களின் முன் கை நீட்டியபோதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. கை யோசிக்காமல் எடுக்க மறுக்கிறது. இடதை எடுக்கலாம் என்றால் ஏன் இடது என்று கேட்கிறது. இருபது வருடமாகத் தற்செயல் என்ற சொல்லை எழுத்தில் தாராளமாகப் பயன்படுத்தியவன், அதை ஒரு முறை செய்து காட்ட முடியாமல் நின்றேன். பின்னால் முனிரத்தினம் தொண்டையைச் செருமினார். எதையோ எடுத்துவிட்டேன்.

பிரித்தார்கள். சிவப்பு.

வேலு சிரித்துவிட்டு, நீரோட்டம் பார்த்த அதே தேங்காயை அம்மன் முன்னால் உடைத்தார். "ரைட்டு மாமா. உன் மெஷினு பாஸு." அத்தோடு பஞ்சர் கடைக்குப் போய்விட்டார். முகம் வெளிறிப்போனது சிவதாணுவுக்குத்தான்.

அன்று மத்தியானம் தேவகி வைத்த கருவாட்டுக் குழம்பை நான் இரண்டு முறை வாங்கிக்கொண்டேன்; தேங்காய் இல்லாமலே குழம்பு என்ற பதவிக்கு அது தகுதியானது. சிவதாணு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"இதுவரைக்கும் தண்ணி வரலைன்னா என் தப்பு. நாளைக்கு வரலைன்னா அம்மன் தப்புன்னு ஆயிருமே மக்கா."

தேவகி காதில் அது விழுந்தது. அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "அதுக்குத்தான் சார் கேட்டதே."

எங்களுக்குப் புரியவில்லை.

"தண்ணி எங்க கீதுன்னா கேட்டோம்? அது அம்மனுக்கு இன்னா தெரியும், பூமிக்குள்ளயா பூந்து பாத்துது? முன்ன ஒரு வாட்டி எங்கப்பா காட்டின எடத்துல இவரு இன்னொரு போர் போட்டாரு. வர்ல. இவரு ஒரு வார்த்த சொன்னாரு. நான் போய் ரெண்டு மாசம் எங்கம்மா வூட்டுல இருந்தேன். இந்த வாட்டி என் தம்பி எடத்துல போட்டு வர்லன்னாலும் அதே வார்த்த வரும். மெஷின் எடத்துல போட்டு வர்லன்னா நான் சொல்லுவேன், எனக்கும் வாய் கீது. அம்மன் சொல்லி வர்லன்னா யாரு யாரச் சொல்றது?"

முனிரத்தினம் தலை நிமிராமல் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை என்ன என்று நான் கேட்கவில்லை.

இயற்கையிலிருந்து கடவுளை நிரூபிக்கிறவர்களும் மறுக்கிறவர்களும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். இரு தரப்புமே கடவுளிடம் தகவல் கேட்கிறார்கள். தேவகி தகவல் கேட்கவில்லை. வீட்டில் சண்டை வராமல் தோற்க ஒரு வழி கேட்டார். இதற்கு என் இரண்டு வாதங்களிலும் இடம் இல்லை.

நான்காம் நாள் விடிந்ததும் திருச்செங்கோட்டுப் பதிவெண் போட்ட போர் வண்டி வந்தது. ஆட்கள் வடக்கே இருந்து வந்தவர்கள். எலுமிச்சம்பழம், சூடம், பூசணிக்காய் எல்லாம் முறைப்படி நடந்தன. ஓர் ஆள் இன்னொருவனிடம் இந்தியில் என்னவோ சொல்லிச் சிரித்தான். சிவதாணு எனக்கு மொழிபெயர்த்தான்: "ஊருக்கு ஊர் சாமி மாறுது, கல்லு மட்டும் அதே கல்லு."

பிறகு யாரும் பேச முடியவில்லை. அத்தனை சத்தம். துளையிலிருந்து கல்தூள் வெள்ளைப் புகையாகக் கிளம்பி, எங்கள் எல்லோரையும் ஒரே சாதியாக்கிவிட்டது. குழாய் மேல் குழாயாக இறங்கிக்கொண்டே இருந்தது. சிவதாணு சொன்ன ஆழம் வந்தது. புகை. தாண்டியது. அப்போதும் புகை. வேலு கடையைப் பூட்டிவிட்டு வந்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, துளைக்கு மிக அருகில் போய் நின்றுகொண்டார். தோற்ற கட்சிக்காரருக்கு அந்த இடத்தில் என்ன அக்கறை என்று கேட்கத் தோன்றியது. அக்காவின் நெல் அல்லவா!

வண்டிக்காரர் இன்னும் இறக்கட்டுமா என்று சைகையால் கேட்டார். முனிரத்தினம் வாயைத் திறந்தார். தேவகி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முனிரத்தினம் திறந்த வாயை மூடிக்கொண்டு, இன்னும் இறக்கு என்று கையைக் காட்டினார்.

அதற்குப் பிறகு இறங்கிய மூன்றாவது குழாயில் புகை கனத்தது. சேறாயிற்று. சட்டென்று சாம்பல் நிறத்தில் தண்ணீர் பீறி, எல்லோர் தலையிலும் கொட்டியது. சிவதாணு கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தான். கணக்கா மந்திரமா, தெரியவில்லை. தண்ணீர் தெளிந்ததும் அளந்தார்கள். ஒன்றரை இஞ்ச் அளவுக்கு ஊற்று. முனிரத்தினம் ஒரு கை அள்ளிக் குடித்தார். "இனிப்பாதான் கீது. பாதி கயனிக்குத்தான் வரும்."

"அம்மன் பாதி குடுத்திருக்கா" என்றான் சிவதாணு, ஆறுதலாக.

"அம்மா எங்க குடுத்துது? உள்ள கீறது வந்துது" என்றார் முனிரத்தினம்.

ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். மோட்டார் இறங்கி ஓடுவதைப் பார்க்காமல் சிவதாணு வர மாட்டேன் என்றான். பழைய போரிலிருந்து மோட்டாரைக் கழற்றி மாட்ட மறுநாள் மத்தியானமாயிற்று. மின்சாரம் வந்தது. குழாய் இருமியது, துப்பியது, பிறகு ஒழுங்காக ஊற்றியது. வாய்க்காலில் தண்ணீர் நடந்து, வரப்புக்கு இரண்டு பக்கமும் வெட்டியிருந்த மடைகளுக்கு வந்து நின்று, ஏதோ ஒரு பக்கம் போக அனுமதி கேட்பது போலச் சுழன்றது.

"இதையும் பூ கட்டிப் பாத்துடலாமா மாமா? சார் இங்கதான் கீறாரு" என்றார் வேலு. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

முனிரத்தினம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தன் அப்பா வழி வந்த ஏரிப் பக்கத்து மடையை நோக்கி நடந்தார், அதை அடைத்துத் தண்ணீரை மனைவியின் கழனிக்கு விடுவதற்காக. அதற்குள் தேவகி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, வீட்டுப் பக்கத்து மடையில் வலது காலை வைத்து அடைத்துவிட்டார். தண்ணீர் அவர் கெண்டைக்காலைச் சுற்றித் திரும்பி, ஏரிப் பக்கத்துக் கழனிக்குள் ஓடியது.

"இன்னாமே பண்ற? அது உன் கயனி."

"தெரியும். உன் கயனில கதிரு வெளிய வந்துகீது. இதுல இன்னும் வர்ல. எது பொயைக்கும்? பாத்தா தெரியல?"

முனிரத்தினம் அந்தக் கழனியைப் பார்த்தார், இந்தக் கழனியைப் பார்த்தார். வேலுவைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, சேற்றை வெட்டி வெட்டி தேவகியின் காலைச் சுற்றிலும் வைத்து, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டினார். மண் இறுகும் வரை தேவகி காலை எடுக்கவில்லை.